பேரிடர்ச் செய்தியும் தன்மைப் பன்மையும்: 1934ஆம் ஆண்டு விவாதம் குறித்த ஒரு மொழியியல் நோக்கு

'செய்தி' என்னும் சொல் இன்றைய தமிழில் இரு பொருள்களில் வழங்குகிறது. நாளிதழில் வருவதும் செய்தி. ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லியனுப்புவதும் செய்தி. முன்னதற்குக் குறிப்பிட்ட பெறுநர் எவருமிலர். பின்னது பெறுநர் இன்றி அமையாது. இந்தியில் 'சமாசார்', 'சந்தேஷ்' எனத் தனித்தனிச் சொற்களால் உணர்த்தப்படும் இவ்வேறுபாட்டைத் தமிழ் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையைக் கொண்டே உணர்த்துகிறது. 'பீகாரில் நிலநடுக்கம் என்று ஒரு செய்தி' என்பதற்கும் 'எனக்கு ஒரு செய்தி' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு ஒரு 'கு' உருபின் தொலைவுதான். இயற்கைப் பேரிடர் பற்றிய அறிவிப்பை முதற்பொருளில் கேட்டு இரண்டாம் பொருளில் ஏற்றுக்கொள்ளும் மனப்பாங்கு, இத்தொலைவை எவ்வாறு கடக்கிறது என்பது ஆராய்தற்குரியது.

கிரைஸ் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் இருவகைப் பொருண்மைகளைப் பிரித்துக் காட்டினார். மேகம் மழையைக் குறிப்பது இயற்கைப் பொருண்மை. அங்கு எவருடைய கருத்தும் இல்லை. பேச்சும் சைகையும் குறிப்பது கருத்துவழிப் பொருண்மை. அங்கு ஒருவர் மற்றொருவருக்கு ஒன்றை உணர்த்த எண்ணியாக வேண்டும். தமிழில் 'குறி' என்னும் சொல் இவ்விரண்டையும் தழுவி நிற்கிறது. மருத்துவர் காணும் நோய்க்குறியும் குறத்தி சொல்லும் குறியும் ஒரே அடிச்சொல்லின. இதனைத் தமிழின் குறைபாடாகக் கொள்ள வேண்டியதில்லை. கிரைஸ் எடுத்துக்கொண்ட ஆங்கில வினையும் இரண்டையும் தழுவியதே. அதனால்தான் அவர் அதைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

பிறருக்குரிய சொல்லைத் தனக்குரியதாகக் கேட்பதற்குப் பழந்தமிழில் ஒரு பெயரே உண்டு: விரிச்சி. முல்லைப்பாட்டில், போர்மேற் சென்ற தலைவனின் வரவை அறிய முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நெல்லும் மலரும் தூவி நிற்கின்றனர். தாயைக் காணாது வருந்தும் கன்றுக்கு ஆய்மகள் கூறும் ஆறுதலைக் கேட்டு, அதனை நற்சொல்லாகக் கொண்டு மீள்கின்றனர். ஆய்மகளின் முன்னிலை கன்று. கேட்டவர்களின் முன்னிலை தலைவி. எனினும் விரிச்சிக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பவை சொல் பிறப்பதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. பேரிடரைச் செய்தியாகக் கொள்வதில் இவ்வொழுங்கு தலைகீழாகிறது. நிகழ்ச்சி முதலில் வருகிறது. அது யாருக்கு என்பது பின்னரே தேடப்படுகிறது. தேடுபவர் பெரும்பாலும் தம்மையோ தம் பகைவரையோ கண்டடைகிறார்.

இத்தேடலை மிகத் தெளிவாகப் பதிவுசெய்த இந்திய விவாதம் 1934இல் காந்தியடிகளுக்கும் தாகூருக்கும் இடையே நிகழ்ந்தது. அவ்வாண்டு சனவரி 15ஆம் நாள் பிற்பகலில் பீகாரையும் நேபாளத்தையும் தாக்கிய நிலநடுக்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா ஆகிய நகரங்கள் பேரழிவுக்குள்ளாயின. தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகத்தில் இருந்த காந்தியடிகள், சனவரி 24ஆம் நாள் திருநெல்வேலிக் கூட்டத்தில் இந்நிலநடுக்கத்தைத் தீண்டாமை என்னும் பாவத்திற்காக இறைவன் அனுப்பிய ஒறுப்பு எனக் கூறினார். தாகூர் மறுத்தெழுதினார். அம்மறுப்பையும் தம் விடையையும் 'ஹரிஜன்' இதழின் பிப்ரவரி 16ஆம் நாள் வெளியீட்டிலேயே காந்தியடிகள் அச்சிட்டார். மூடநம்பிக்கைக்கும் சமயநம்பிக்கைக்கும் இடையிலான வேறுபாடு பற்றியதாகத் தம் விடைக்கு அவர் தலைப்பிட்டார்.

இவ்விவாதம் அறிவியலுக்கும் சமயத்துக்கும் இடையிலான மோதலாகவே பெரிதும் எடுத்துரைக்கப்படுகிறது. அது பிழையன்று, ஆனால் போதாது. விவாதத்தின் முடிச்சு இரண்டு இலக்கணக் கூறுகளில் இருக்கிறது. ஆங்கில மூலத்தில் அவை மறைந்து கிடப்பதால், தமிழில் பெயர்க்க முற்படும்போதுதான் அவை தலைகாட்டுகின்றன.

முதலாவது காரணப் பொருள். ஆங்கில முன்னிடைச்சொல் ஒன்றே காரணத்தையும் கைம்மாற்றையும் உணர்த்திவிடுகிறது. தமிழில் '-ஆல்', '-க்காக' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'மழையால் வீடு இடிந்தது' என்பது இயல்பான தொடர். 'மழைக்காக வீடு இடிந்தது' என்பது தொடராகாது. '-க்காக' என்னும் காரணம் ஒரு கருத்தாவின் எண்ணத்தை வேண்டி நிற்பதே இதற்குக் காரணம். இவ்வாறே 'பாவத்துக்காக நிலம் நடுங்கியது' என்றால் தமிழ் கேட்பவர் தடுமாறுவார். 'பாவத்துக்குத் தண்டனையாக' என விரித்த பின்னரே தொடர் நிலைகொள்ளும். 'பாவத்தால் நிலம் நடுங்கியது' என்பது இலக்கணப் பிழையற்றதாயினும் பாவத்தை நில அடுக்குகளின் உராய்வோடு ஒத்த பௌதிகக் காரணமாக்கிவிடுகிறது. பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகக் கூறுகளின் சேர்க்கை மட்டுமே காரணமாக முடியும் என்று தாகூர் வாதிட்டபோது அவர் '-ஆல்' என்பதன் எல்லையை வரையறுத்தார். காந்தியடிகள் பேசியது '-க்காக' என்பதன் எல்லைக்குள். ஒருவர் காரணத்தையும் மற்றவர் கருத்தாவையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர்.

'நிலநடுக்கம்' என்னும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. 'நடுங்கு' தன்வினை, 'நடுக்கு' பிறவினை. தொழிற்பெயராகும்போது இரண்டும் 'நடுக்கம்' என ஒன்றாகிவிடுகின்றன. வினைமுற்றில் மட்டுமே 'நிலம் நடுங்கியதா', 'நிலத்தை எவரேனும் நடுக்கினரா' என்ற கேள்வி எழுகிறது. நிலவியலார் முதலாவதற்கு விரிவாக விடையிறுத்துள்ளனர். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1939இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் தளர்ந்து அமிழ்ந்த வட பீகார்ப் பகுதியை விளக்கியது. நீர் செறிந்த ஆற்று வண்டல் அதிர்வில் குழம்பாகிக் கட்டடங்களைத் தாங்க இயலாது போயிற்று. இமய அடிவாரத்தில் அந்நிலநடுக்கம் ஏற்படுத்திய மேற்பரப்புப் பிளவு பற்றிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. இவையாவும் தன்வினை விளக்கங்கள். பிறவினைக் கேள்விக்கு இவை விடையல்ல. அக்கேள்வி தேவையில்லை என்பதற்கான சான்றுகள்.

இரண்டாவது கூறு இதனினும் முதன்மையானது. அது தன்மைப் பன்மை. பாவம் யாருடையது? ஆங்கில வடிவத்தில் தன்மைப் பன்மைக் கிழமைப் பெயர் நிற்கிறது. அது கேட்பவரை உள்ளடக்குகிறதா, விலக்குகிறதா என்பதை ஆங்கிலம் சொல்வதில்லை. தமிழில் 'நம் பாவங்கள்' என உளப்பாட்டுத் தன்மையாகவோ 'எங்கள் பாவங்கள்' என உளப்படுத்தாத் தன்மையாகவோ சொல்லியாக வேண்டும். 'நம்' எனப் பெயர்த்தால், கூட்டத்தில் தீண்டாமைக்கு ஆளானோர் இருந்திருப்பின் அவர்களும் அப்பாவத்தைச் செய்தோராகிவிடுகின்றனர். 'எங்கள்' எனப் பெயர்த்தால் எதிரில் நிற்கும் சாதி இந்துக்கள் குற்றத்திலிருந்து விடுபட்டுவிடுகின்றனர். உரையின் நோக்கமே அவர்களைக் கழுவாய் தேடச் செய்வதுதான். 'சாதி இந்துக்களாகிய நாம்' என ஒட்டுப்பெயர் சேர்த்தால் சிக்கல் ஓரளவு தீரும். ஆனால் அது மூலத்தில் இல்லாத வரையறையாகும். காந்தியடிகளின் தாய்மொழியாகிய குஜராத்தியில் 'ஆப்பணே', 'அமே' என இவ்வேறுபாடு உயிருடன் இருக்கிறது. தாகூரின் வங்காளத்தில் 'ஆம்ரா' ஒன்றே. குஜராத்தியில் சிந்திக்குங்கால் காந்தியடிகள் எதிர்கொண்டிருக்கக்கூடிய தேர்வினை ஆங்கிலம் அவருக்கு விலக்கிவிட்டது எனலாம்.

எத்தேர்வைச் செய்தாலும் பீகாரில் மாண்டவர்கள் அதற்குள் வருவதில்லை. அவர்கள் படர்க்கை. பாவம் செய்தவரும் செய்தி பெறுபவரும் தன்மை, அனுப்பியவர் இறைவன், இடிபாடுகளுக்கிடையே கிடந்தவர்கள் அக்கடிதம் எழுதப்பட்ட மை. நன்னடத்தையைப் போதிக்க இத்தகைய கொடுமையைக் கையாளும் ஆற்றலைவிட மனித இயல்பே அறத்தில் உயர்ந்ததாகிவிடும் என்ற தாகூரின் கண்டனத்திற்கு அடிப்படை இதுவே. அவர் பெயர்ச்சொற்களைக் கொண்டு வாதிட்டார். இடப்பெயர்களை அவர் தொடவில்லை.

நேரு தொட்டார் எனலாம். 1936இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், தென்னாட்டின் தீண்டாமைக்காகப் பீகார் மக்கள் தண்டிக்கப்படுவானேன் என அவர் வினவுகிறார். எந்தப் பாவத்துக்கு இது தண்டனை என்பதை எவ்வாறு கண்டறிவது என்றும் கேட்கிறார். தர்பங்கா மகாராசாவின் இழப்பைச் சுட்டி, சமீன்தாரி முறைக்கு எதிரான தீர்ப்பு என்று கொள்வதுகூட இதனினும் பொருந்தும் என்கிறார். சட்டமறுப்புக்குக் கிடைத்த தண்டனை என ஆங்கில அரசும் சொல்லக்கூடும் என்கிறார். நிலநடுக்கப் பகுதிகளில் சுற்றி இடிபாடுகளை நேரில் கண்டவரின் சொற்கள் இவை. தாகூரும் ஏறத்தாழ இதே அச்சத்தை வெளியிட்டிருந்தார்: இவ்வகை வாதம் காந்தியடிகளின் எதிரிகளுக்கே மிகவும் ஏற்றது. மொழியியல் நோக்கில் இதன் கருத்து எளிது. குறிக்கும் பொருளுக்கும் இடையே பொதுவான வழக்கு ஒன்று இல்லாதவிடத்து, வாசிப்பவர் தாம் விரும்பிய பொருளை இட்டு நிரப்பலாம். எந்த வாசிப்பையும் பிழையெனக் காட்ட வழியில்லை.

இவ்விடத்தில் உளநோயியலார் கூறும் ஒன்றோடு இதனை மயக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கான்ராட் 1958இல் உளப்பிளவு நோயின் தொடக்கநிலையை விவரிக்கையில், தொடர்பற்ற நிகழ்ச்சிகள் யாவும் தன்னைக் குறித்தனவாகத் தோன்றும் நிலைக்கு 'அப்போபேனி' எனப் பெயரிட்டார். நோயாளியின் வாசிப்பு 'எனக்கு' என்னும் ஒருமையில் தொடங்கி ஒருமையிலேயே முடிகிறது. பிறர் அதில் பங்குகொள்வதில்லை. காந்தியடிகளின் வாசிப்பைக் கூட்டம் பங்கிட்டுக்கொண்டது. நோயென ஒதுக்கிவிட்டால் அதன் சமூக வலிமை கண்ணுக்குத் தெரியாமற் போகும்.

இத்தனைக்கும் சரியான அளவுகோலை வகுத்தவர் காந்தியடிகளே. தாகூருக்கு அளித்த விடையில், இயற்கை நிகழ்ச்சிக்கும் மனித ஒழுக்கத்துக்கும் உள்ள தொடர்பு தமக்கு உயிருள்ள நம்பிக்கை என்றும், தம் அறியாமையிலிருந்துகொண்டு எதிரிகளைச் சாடுவதற்கு அதைப் பயன்படுத்துவாராயின் அது இழிந்த மூடநம்பிக்கையாகிவிடும் என்றும் எழுதினார். அதாவது, செய்தியின் பெறுநர் தன்மை ஒருமையாக இருக்கும்வரை அது நம்பிக்கை; முன்னிலைக்கோ படர்க்கைக்கோ மாறினால் மூடநம்பிக்கை. கூர்மையான வரையறை இது. ஆனால் தன்மைப் பன்மை பற்றி இது எதுவும் சொல்லவில்லை. திருநெல்வேலியில் அவர் பயன்படுத்தியதோ அந்தப் பன்மையே. தனிமனிதரின் 'எனக்கு' என்பதை நிலவியலால் மறுக்க இயலாது. அது உண்மைக்கூற்று அன்று, உறுதிமொழி. 'நமக்கு' என்றவுடன் அது பிறரைப் பற்றிய கூற்றாகிறது. தாகூரின் மறுப்பு அங்கு முழுமையாகப் பொருந்துகிறது.

மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியது இன்னொன்றும் உண்டு. திருநெல்வேலி உரையில், தம்மைப் போன்ற ஒருவரால் இவ்வாறு நம்பாதிருக்க இயலாது என்னும் வாய்பாட்டுக்குள்ளேயே அக்கூற்று அமைந்திருந்தது. அவ்வாய்பாடு கூற்றின் பொறுப்பைப் பேசுபவரோடு நிறுத்துகிறது. பின்னாளில் எடுத்துரைப்போர் 'நிலநடுக்கம் தீண்டாமைக்குத் தண்டனை என்றார் காந்தி' எனச் சுருக்கியபோது முதலில் உதிர்ந்தது அதுவே. மேலும், அவர் ஆண்ட ஆங்கிலப் பெயர் திருத்துவதற்காகக் கொடுக்கும் அடியைக் குறிப்பது. 'தண்டனை' என்பது கணக்குத் தீர்ப்பது. தந்தை மகனைக் கண்டிப்பதற்கும் அரசன் குற்றவாளியைத் தண்டிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கு இழக்கப்படுகிறது. 'ஒறுத்தல்' ஓரளவு பொருந்தும்; வழக்கில் அருகிவிட்டதே அதன் தடை.

இன்றைய செய்தித் தமிழும் இவ்விவாதத்திலிருந்து வெகுதொலைவில் இல்லை. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையை ஒட்டிப் பெருகிய 'இயற்கையின் சீற்றம்', 'கடலின் கோரத் தாண்டவம்' போன்ற தொடர்கள் கருத்தாவின் இடத்தைத் திறந்து வைத்துவிடுகின்றன. சீறுவது யார்மீதாவது சீற வேண்டும். ஏழாம் வேற்றுமை காலியாகக் காத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி நிலைபெற்ற 'பேரிடர்' என்னும் சொல்லில் அத்தகைய காலியிடம் இல்லை. நாளிதழ்த் தலைப்புகள் இன்னமும் 'சீற்றம்' என்பதையே விரும்புகின்றன.