எல் கெஃப்: ஒரு சோதனையின் நிறையும் குறையும்

துனிசியாவின் எல் கெஃப் அருகே வெளிப்படும் படிவுகளில்தான் கிரெடேசியஸ் முடிந்து டேனியன் தொடங்கும் எல்லை 1991இல் உலகப் பொது அளவுகோலாக ஏற்கப்பட்டது. அந்த எல்லையில் மிதவை ஃபோராமினிஃபெரா எனும் நுண்ணிய ஓட்டுயிர்கள் ஒரேயடியாக அழிந்தன என்றார் புவியியலாளர் யான் ஸ்மிட். படிப்படியாக மறைந்தன என்றார் மற்றொரு புவியியலாளர் கெர்டா கெல்லர். இருவருக்கும் நடுவே புவியியலாளர் ராபர்ட் கின்ஸ்பர்க் ஒரு சோதனையை நடத்தினார். எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று தெரிவிக்காமல் நான்கு ஆய்வாளர்களுக்கு மாதிரிகள் தரப்பட்டன. 1997இல் முடிவுகள் அச்சேறியபோது, இரு தரப்பும் தம் கட்சியே வென்றதாகக் கொண்டன.

சோதனையின் நேர்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. பெரும்பாலும் ஒருவரது நுண்ணோக்கியோடு முடிந்துவிடும் தீர்ப்பைப் பலர் முன் வைத்தது இத்துறைக்கு அரிய துணிவு. ஆனால் இனங்களின் வரையறையில் நால்வருக்கும் முன்கூட்டியே உடன்பாடு இல்லை. ஒருவர் ஒரே இனமாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகப் பிரித்தால், பட்டியல்களின் வேறுபாடு கடலில் நடந்ததா, மேசையில் நடந்ததா என்று சொல்ல முடியாது.

பட்டியல்களைத் தனித்தனியே பார்த்தால், சில இனங்கள் எல்லைக்கு முன்பே மறைவதாகத்தான் தோன்றும். நான்கு பட்டியல்களையும் சேர்த்தால், அவற்றை யாரேனும் ஒருவர் கடைசி கிரெடேசியஸ் மாதிரியிலேயே கண்டிருக்கிறார் என்று ஸ்மிட் காட்டினார். அரிய இனத்தின் கடைசித் தடயம் அதன் உண்மையான முடிவுக்கு முன்பே நின்றுவிடும் என்று சிக்னரும் லிப்ஸும் 1982இல் சொன்னதோடு இது பொருந்துகிறது. ஸ்மிட்டின் வாசிப்பே வலுவானது என்பேன். எனினும் பெயர்கள் ஒன்றாக இல்லாத பட்டியல்களைக் கூட்டுவது அந்த வலுவைக் குறைக்கிறது.

சல்லடையும் ஒரு சாட்சிதான். எல்லைக்கு மேலே முதலில் தோன்றும் இனங்கள் பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டருக்கும் சிறியவை. 150 மைக்ரான் சல்லடையில் அவை நீரோடு வெளியேற, களிமண் வெறுமையாகத் தெரியும். நுண்சல்லடையில் சலித்தவர்களுக்கே, இத்தாலியில் லுட்டர்பாக்கரும் பிரேமோலி சில்வாவும் 1964இல் பெயரிட்ட யூகுபினா என்ற இனம் கைக்கு வந்தது. அது துனிசியாவிலும் ஆழ்கடல் துளைகளிலும் அதே வரிசையில் கிடைப்பதே நுண்புதைபடிவங்களால் அடுக்குகளை இணைக்கும் முறையின் உண்மையான சாதனை.

எல்லையின் ஆண்டுக் கணக்கு வேறு: 6.6 கோடி ஆண்டு என்ற எண்ணை ஆர்கான் கதிரியக்க அளவீடு தந்தது, ஓடுகள் தரவில்லை. அடுக்குகளை இணைப்பதில் நுண்புதைபடிவங்களுக்கு முதலிடம் தரலாம். ஓர் இனம் இல்லாமையைச் சாட்சியாக்கும்போது எத்தனை ஓடுகள் எண்ணப்பட்டன, எந்தச் சல்லடை, யாருடைய வரையறை என்ற மூன்றும் அட்டவணையிலேயே இருக்கவேண்டும். எல் கெஃப் சோதனை மீண்டும் நடந்தால், அந்த மூன்றையும் முதல் மாதிரியைப் பிரிக்குமுன் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.