எழுவாய் இல்லாத செய்தி: தமிழ்த்துறைகளின் இதழியல் பாடம் குறித்த ஒரு திறனாய்வு

தமிழ்நாட்டில் ஊடகக் கல்வி இரண்டு வாயில்களின் வழியே மாணவரை அடைகிறது. ஒன்று, இதழியல், தொடர்பியல், காட்சித் தொடர்பியல் எனப் பெயர் தாங்கிய தனித்துறைகள். மற்றொன்று, தமிழ் இலக்கியப் பட்டப்படிப்பில் விருப்பப் பாடமாகவோ துணைப் பாடமாகவோ இடம்பெறும் 'இதழியல்' என்னும் ஒற்றைத் தாள். முன்னதில் ஒளிப்படக் கருவிகளும் படத்தொகுப்பு அறைகளும் உண்டு. கற்பித்தல் பெரும்பாலும் ஆங்கில நூல்களைச் சார்ந்தது. பின்னதில் கருவி எதுவும் இல்லை. ஆனால் ஒரு தமிழ்த் தொடரைப் பிரித்து, எழுவாய் எது, பயனிலை எது என்று கேட்கும் பழக்கம் உண்டு. நாளிதழ்களின் துணையாசிரியர் பணிக்கும் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுக்கும் தமிழ் பயின்றவர்கள் செல்வது புதிதன்று. அவர்களுக்கு இந்தத் தாள் எதைத் தருகிறது என்பதே இங்கு ஆராயப்படுவது.

பாடத்திட்டங்களின் பொது அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் செய்திக்கான வரையறைகள், அடுத்து இதழியல் வரலாறு, பின்னர்ச் செய்தி சேகரித்தலும் பக்க அமைப்பும், அதன்பின் சட்டங்கள், இறுதியில் விளம்பரமும் மக்கள் தொடர்பும். வரலாற்றுப் பகுதி வலுவானது. 1882இல் சுதேசமித்திரன் தோன்றியது, 1899இல் அது நாளிதழானது, 1906இல் 'இந்தியா' வெளிவந்தது, 1934இல் தினமணி, 1942இல் தினத்தந்தி என ஆண்டுகளை மாணவர் ஐயமின்றிச் சொல்வர். மா. பா. குருசாமியின் 'இதழியல் கலை' போன்ற நூல்கள் இத்துறையைத் தமிழில் கற்பிக்க முடியும் என்று காட்டியவை, அக்கடனை மறுப்பதற்கில்லை.

வரையறைப் பகுதியைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. 'நியூஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளும் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்னும் திசைகளைக் குறிக்கும் என்ற விளக்கம் இன்றும் குறிப்பேடுகளில் தொடர்கிறது. அது பிழை. புதியவை என்னும் பொருளில் 'நியூ' என்பதன் பன்மையாக அமைந்த சொல் அது. சொற்பிறப்பை ஒரு தொழிலாகவே கற்பிக்கும் துறையில் இப்பிழை ஆண்டுதோறும் மதிப்பெண் பெறுவது வியப்புக்குரியது. நாயை மனிதன் கடித்தால் செய்தி என்பதும் இத்தகையதே. மனப்பாடம் செய்ய எளிது. ஒரு செய்தியைப் படிக்கவோ எழுதவோ துணை செய்யாது.

அண்டை அலகுகளின் அமைதி

மேலும் கவனிக்கத்தக்கது, செய்தி சேகரித்தலும் மக்கள் தொடர்பும் ஒரே தாளில் உடன்பிறப்புகளாக அமர்ந்திருப்பது. முதல்வகைப் பணி ஒரு நிறுவனம் சொல்ல விரும்பாததைக் கேட்பது. இரண்டாவது, அந்நிறுவனம் சொல்ல விரும்புவதைச் சொல்வது. இரண்டும் நேர்மையாகச் செய்யத்தக்க தொழில்களே. எனினும் அவற்றிடையே உள்ள இழுபறியைப் பாடம் பேசுவதில்லை. அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை அனுப்பும் வெளியீடு 'செய்தி மூலங்கள்' என்ற பட்டியலில் ஓர் உருப்படியாக இடம்பெற்று, அத்துடன் முடிகிறது.

மக்கள் தொடர்பின் முன்னோடியாக ஐவி லீயைப் பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. அமெரிக்க நிலக்கரிச் சுரங்க உரிமையாளர்களுக்காகப் பணியாற்றிய அவர், 1906இல் இதழாசிரியர்களுக்கு ஒரு கொள்கை அறிவிப்பை அனுப்பினார். தம் பணி மறைவானதன்று, தாம் அனுப்புவது விளம்பரமன்று, யார் சார்பில் பேசுகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்வோம் என்பது அதன் சாரம். 1914இல் கொலராடோவின் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் தங்கியிருந்த கூடாரங்கள் தாக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் இறந்தபின், அதே லீ ராக்ஃபெல்லர் தரப்புக்காக வெளியீடுகள் தயாரித்தார். அவற்றில் தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியம் மிகைப்படுத்தப்பட்டிருந்தது. முதல் நிகழ்வு பாடத்தில் உண்டு. இரண்டாவதைக் காண்பது அரிது. பேசுபவர் யார் என்பதை மறைக்காதிருத்தலே இத்தொழிலின் அறம் என்று தொடங்கியவர், எட்டே ஆண்டுகளில் எங்கு வந்து நின்றார் என்பதை மாணவர் அறிவது இரு தொழில்களுக்குமே தேவை.

இலக்கணம் செய்யத்தக்க வேலை

வகுப்பறைப் பயிற்சிக்கென அமைத்த ஒரு வெளியீட்டைக் காண்போம்: "ஆற்றங்கரையில் இருந்த ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாற்று இடம் வழங்கப்பட உள்ளது. பணிகள் விரைவாக நடைபெற்று வருவதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது."

மூன்று தொடர்கள், வினை செய்தவர் ஒருவரும் இல்லை. அகற்றியவர், வழங்க இருப்பவர், தெரிவித்தவர் ஆகிய மூவரும் செயப்பாட்டுவினைக்குள் மறைந்தனர். 'பாதிக்கப்பட்ட' என்னும் எச்சம் நான்காமவரையும் மறைக்கிறது. 'ஆக்கிரமிப்பு' என்ற பெயர் வழக்கு முடியுமுன்னே தீர்ப்பைச் சொல்கிறது. அங்கே வாழ்ந்தவர் அதை வீடு என்றே சொல்லியிருப்பார். இத்தொடர்களைச் செய்வினையாக மாற்றுக என்பது பள்ளி நாளிலேயே மாணவர் செய்த பயிற்சிதான். ஆனால் இங்கே மாற்ற முற்படும்போது கை நின்றுவிடுகிறது. எழுவாயின் இடத்தில் எழுதுவதற்கான பெயர் வெளியீட்டில் இல்லை. அதைப் பெற ஒருவர் எழுந்து சென்று கேட்டாக வேண்டும். செய்தியாளர் பணி அந்தக் கணத்தில்தான் தொடங்குகிறது; அதற்கு இட்டுச் சென்றது இலக்கணம்.

'படு' துணைவினை ஆங்கிலத்தால் வந்த கேடு என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பிய வினையியல் மரபாக ஏற்றிருக்கிறது. தமிழுக்கு மறைக்க 'படு' தேவையுமில்லை. 'பேருந்துக் கட்டணம் உயர்ந்தது' என்பதில் செயப்பாட்டுவினை ஏது? தன்வினை ஒன்றே போதுமானதாகிறது. 'உயர்த்தியது' என்று பிறவினையாக்கினால்தான் உயர்த்தியது யார் என்ற வினா எழுகிறது. அழிந்தது–அழித்தது, குறைந்தது–குறைத்தது, மூழ்கியது–மூழ்கடித்தது என இவ்விணைகள் ஒவ்வொன்றும் செய்தி மேசையில் ஒரு முடிவைக் கோருகின்றன. யார் செய்தார் என்பது உண்மையிலேயே தெரியாத குற்றச் செய்திகளில் எழுவாயின்றி எழுதுவது பொருத்தமே. தெரிந்தும் விடுவதே வினாவுக்குரியது.

கூற்றுத் தொடர்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. பாடநூல்கள் கற்பிக்கும் தலைகீழ்க் கூம்பு அமைப்பு, செய்தவரையும் வினையையும் தொடக்கத்திலேயே வைக்கும் ஆங்கிலத் தொடருக்கு இசைந்தது. தமிழில் முற்று இறுதியில் வரும். 'என்று அமைச்சர் தெரிவித்தார்' என்பதும் பல வேளைகளில் இறுதிக்குச் செல்கிறது. இருபது சொற்களை உண்மையாகவே படித்து முடித்த பின்னரே அவை ஒருவரின் கூற்று என்று வாசகர் அறிகிறார். பேச்சுத் தமிழ் இதில் விழிப்பானது. 'மழை பெய்ததாம்' என்னும்போது, நான் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பதை 'ஆம்' என்னும் ஓரிடைச்சொல் உணர்த்திவிடுகிறது. இதழ்த் தமிழ் அதைக் கொச்சையெனக் கழித்து, 'கூறப்படுகிறது' என்பதை அமர்த்தியது. யார் கூறினார் என்பதை இரண்டுமே சொல்வதில்லை. ஆயினும் முன்னது வதந்தியின் ஒலியை விடாமல் வைத்திருக்கிறது. பின்னது அதற்கு அலுவலக உடை அணிவிக்கிறது.

தமிழ்த்துறையின் மற்றொரு திறன் பாட ஒப்பீடு. 2009 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது, போட்டி நாளிதழ்களில் சொல்லுக்குச் சொல் ஒத்த புகழுரைகள் வெவ்வேறு எழுத்தாளர் பெயர்களில் வெளிவந்ததை பி. சாய்நாத் வெளிக்கொணர்ந்தார். பணம் பெற்று வெளியிடும் செய்தி பற்றிய நாடளாவிய விவாதத்தில் இது முதன்மையான சான்றாயிற்று. 2010இல் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணைக்குழு விரிவான அறிக்கை அளித்தது. மன்றமோ முதலில் அதன் சுருக்கத்தையே வெளியிட்டது. சாய்நாத் செய்ததைச் சுவடிகளை அருகருகே வைத்துப் பாடவேறுபாடு காண்பவர் உடனே அறிந்துகொள்வார். ஏடுகளில் வேறுபாட்டைத் தேடுகிறோம்; இங்கே வேறுபாடு இல்லாமையே துப்பு. ஒரு வெளியீட்டையும் மறுநாள் மூன்று நாளிதழ்களில் அது வந்த வடிவத்தையும் மாணவர் கையில் கொடுத்தால், எந்த இதழ் தொலைபேசியை எடுத்தது, எது தட்டச்சு மட்டும் செய்தது என்பதை அவரே பிரித்தறிவார்.

ஒரு பருவத்தில் இவற்றுக்கு நேரம் ஏது என்று ஆசிரியர் கேட்கலாம். நான்கு திசை விளக்கத்தையும் வரையறைப் பட்டியலையும் நீக்கினாலே இரண்டு வாரங்கள் கிடைக்கும். மாணவர் பலர் மக்கள் தொடர்புப் பணிக்கே செல்கின்றனர், அவர்களுக்கு இது எதற்கு என்ற தடை வலுவானது. ஆனால் வெளியீட்டை எழுதப்போகும் கையும் தான் எந்த எழுவாயை விடுகிறது என்று அறிந்தே விடவேண்டும். அகமதிப்பீட்டுக்காகச் செய்திகளை வெட்டி ஒட்டித் தரும் தொகுப்பேட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம்; ஒட்டிய ஒவ்வொரு செய்தியின் கீழும் விடுபட்ட எழுவாய்களையும், அவற்றை அறிய யாரிடம் கேட்கவேண்டும் என்பதையும் மாணவர் எழுதித் தரவேண்டும் என்ற ஒரு நிபந்தனை சேர்ந்தால் போதும்.