டிராகன் முதுகில் ஏறிப் பழிவாங்கலாமா?

1984இல் வெளிவந்த 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி' படத்தின் முடிவில், பணம் கேட்டு மிரட்டித் தன்னைக் குப்பைத் தொட்டிக்குள் தூக்கிப் போட்ட மூன்று பையன்களைச் சிறுவன் பாஸ்டியன் துரத்துகிறான். அவன் ஏறி வருவது ஃபால்கோர் என்னும் வெள்ளை டிராகன் மீது. அலறி ஓடுகிறவர்கள் குப்பைத் தொட்டியில் போய் விழுகிறார்கள். பார்க்கும் குழந்தைக்குக் கைதட்டத்தான் தோன்றும். தினமும் யாருக்கோ பயந்து பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு அந்த ஒரு நிமிட விடுதலை பெரிய விஷயம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் மூலநாவலை எழுதிய ஜெர்மானிய எழுத்தாளர் மிஹாயேல் எண்டே இந்தப் படத்தை ஏற்கவில்லை. தலைப்பை மாற்றச் சொன்னார். நீதிமன்றம் போய்த் தோற்றார். 1979இல் வந்த அவருடைய நாவலில் இப்படியொரு பழிவாங்கல் கிடையாது. படம் நாவலின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. சீண்டப்படும் குழந்தையைப் பற்றி எண்டே சொல்ல வந்ததோ இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது.

நாவலின் பாஸ்டியன் குண்டான பையன், விளையாட்டில் மட்டம். தாய் இறந்துவிட்டாள், தந்தை துக்கத்தில் ஊமையாகிவிட்டார். துரத்தும் சக மாணவர்களிடமிருந்து தப்பி ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைகிறவன், அங்கிருந்து ஒரு நூலைத் திருடிக்கொண்டு பள்ளியின் பரணில் ஒளிந்து படிக்கிறான். பிறகு அந்தக் கதையின் உலகத்துக்குள்ளேயே போய்விடுகிறான். அங்கே அவன் ஆசைப்பட்டதெல்லாம் நடக்கிறது. அழகனாகிறான், பலசாலியாகிறான், எல்லாரும் வணங்கும் வீரனாகிறான். ஆனால் நிறைவேறும் ஒவ்வோர் ஆசைக்கும் விலையாகத் தன் பழைய வாழ்க்கையின் ஒரு நினைவை இழக்கிறான். தான் குண்டுப் பையனாக இருந்ததை மறந்ததும், அவமானப்படுவது எப்படி வலிக்கும் என்பதும் மறந்துபோகிறது. ஒரு வீரனைப் பலர் முன்னிலையில் தலைகுனிய வைக்கிறான். எச்சரித்த நண்பன் அட்ரேயுவைத் துரோகி என்று விரட்டுகிறான். பின்பு வாளால் காயப்படுத்தவும் செய்கிறான். அடிபட்டவனே அடிப்பவனாவதைச் சிறுவர் இலக்கியம் இவ்வளவு நேர்மையாகக் காட்டியது அரிது. டிராகனும் இங்கே அவனுடைய ஆயுதம் அல்ல. விரட்டப்பட்ட பிறகும் அட்ரேயுவோடு தேடி வந்து, பாஸ்டியன் வீடு திரும்ப வழி செய்யும் நண்பன் அது.

2010இல் வந்த 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' படத்தின் பலம் வேறு. சிறுவன் ஹிக்கப் கண்டெடுக்கும் டிராகன் அவனே சுட்டு வீழ்த்தியது. அவன் கருவியால்தான் அதன் வால் துடுப்பு போயிற்று. கொல்லக் கத்தியை ஓங்கியவன், அதன் கண்ணில் தன் பயத்தையே பார்த்துக் கத்தியை இறக்குகிறான். பிறகு அதற்குச் செயற்கைத் துடுப்பு செய்து மாட்டுகிறான். தான் செய்த தீங்கைத் தன் கையாலேயே சீராக்குவதில் அந்த நட்பு தொடங்குகிறது.

குறையும் அங்கேயே இருக்கிறது. அவனைக் கிண்டல் செய்த பிள்ளைகள் எப்போது அவனைச் சுற்றி மொய்க்கிறார்கள்? பயிற்சிக் களத்தில் டிராகன்களை அடக்கிக் காட்டியபின். ஊர் முழுவதும் எப்போது அணைத்துக்கொள்கிறது? ராட்சத டிராகனை வென்று, ஒரு காலையும் இழந்தபின். மரியாதை வேண்டுமென்றால் முதலில் பயன்பட்டுக் காட்டு என்றாகிறது. எந்தத் திறமையும் காட்ட முடியாத குழந்தை என்ன செய்யும்? கிரெசிடா கவெல் 2003இல் எழுதிய மூலநூலில் 'டூத்லெஸ்' சொன்ன பேச்சு கேட்காத, பல்லில்லாத குட்டி டிராகன். அதைப் பிடித்து வந்ததற்காகவும் ஹிக்கப் கேலிக்கு ஆளாகிறான். படமோ அதையே அபூர்வமான, அனைவரும் அஞ்சும் டிராகனாக மாற்றிவிட்டது. என்னைக் கேட்டால், நூலில் உள்ள குட்டிதான் கேலிக்கு ஆளாகும் குழந்தைக்கு நெருங்கிய துணை.

எண்டே எழுதி, 1960இல் வெளிவரத் தொடங்கிய 'ஜிம் க்னாப்ஃப்' கதை இன்னும் துணிச்சலானது. அதில் நேபோமுக் என்ற பாதி டிராகன் வருகிறது, தாய் நீர்யானை. கலப்பில்லாத டிராகன்களுக்கு மட்டுமே அனுமதி என்று அறிவிப்பு வைத்திருக்கும் டிராகன் நகரத்துக்குள் அதற்கு இடமில்லை. நாஜி ஆட்சியில் வளர்ந்தவர் எழுதிய வரிகள் அவை. அந்த நகரத்தில்தான் திருடப்பட்ட குழந்தைகளைப் பெஞ்சோடு சங்கிலியால் கட்டிப் பாடம் நடத்தும் ஆசிரியை டிராகன் இருக்கிறது. சிறுவன் ஜிம்மும் அவன் நண்பர் லூக்காஸும் அதை வெல்கிறார்கள், ஆனால் கொல்வதில்லை. கொல்லப்படாமல் தோற்றதால்தான் நீண்ட உறக்கத்துக்குப் பின் அது ஞானத்தின் பொன் டிராகனாக விழிக்கிறது. துன்புறுத்துகிறவரும் மாற முடியும் என்று சொல்லும் கதை இது. அதேசமயம் அந்த மாற்றம் தானாக வருவதில்லை. முதலில் யாராவது துன்புறுத்தலைத் தடுத்து நிறுத்தியாக வேண்டும்.

எண்டேயிடமும் எனக்கொரு மனக்குறை உண்டு. பாஸ்டியனைத் துரத்திய பையன்கள் தொடக்கத்தோடு மறைந்துவிடுகிறார்கள். திரும்பி வந்தவன் தந்தையிடம் எல்லாவற்றையும் சொல்கிறான், தந்தை அழுகிறார். கடைக்காரரிடம் போய்த் திருட்டை ஒப்புக்கொள்கிறான். அவர் அவன் சொல்வதை நம்புகிறார். ஆனால் மறுநாள் பள்ளி வாசலில் அதே பையன்கள் நின்றால் என்ன நடக்கும் என்று நாவல் பேசுவதில்லை. ஒரு பெரியவர் நம்பிக் கேட்டதே அந்தப் பிள்ளைக்குப் பெரும் பலம்தான். ஆனாலும் வகுப்பறையில் இருந்த மற்ற பிள்ளைகளும் ஆசிரியர்களும் என்ன செய்தார்கள் என்று கேட்கும் டிராகன் கதையை இனிமேல்தான் யாராவது எழுத வேண்டும்.