ஆடுபுலி ஆட்டமும் சானமாவு யானைகளும்: விளையாட்டு விதி குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழர் விளையாட்டுகள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பெயர், கருவி, ஆடும் முறை ஆகியவற்றைத் தொகுப்பதோடு அமைந்துவிடுகின்றன. விதிகளுக்குள் பொருள் தேடியவர் தொ. பரமசிவன். சமமான காய்களுடன் தொடங்கும் பல்லாங்குழியில் ஒருவர் செல்வராகவும் மற்றவர் வறியவராகவும் ஆவதைத் தனியுடைமையின் தோற்றத்தோடு அவர் இணைத்தார். அவ்வாசிப்பு விதிக்கும் சமூகத்திற்கும் உள்ள உறவைக் காட்டுகிறது. விதி ஆடுபவரை எவ்வாறு சிந்திக்கச் செய்கிறது என்னும் வினா எஞ்சுகிறது.

பரமபதமும் ஆடுபுலியும்

பரமபதத்தில் நல்வினைக்கு ஏணியும் தீவினைக்குப் பாம்பும் வரையப்பட்டுள்ளன. காயை நகர்த்துவதோ தாயக்கட்டை. ஊழின் வலிமையை உணர்த்துவதே அதன் நோக்கம் எனலாம். அவ்வாறாயினும் ஆடுபவர் எதையும் தேர்வதில்லை.

ஆடுபுலி ஆட்டத்தில் அறவுரை ஏதுமில்லை. பரவலான வடிவில் 3 புலிகளும் 15 ஆடுகளும் 23 புள்ளிகளில் எதிர்நிற்கின்றன. புலி தாண்டி வெட்டும். ஆடுகளால் வெட்ட இயலாது. ஆடுகள் அனைத்தும் இறங்கும்வரை அவற்றுள் எதுவும் நகரலாகாது. ஆதலால் ஒவ்வோர் ஆட்டையும் இனி வரும் ஆடுகளைக் கருதியே வைக்க வேண்டியுள்ளது. பக்கம் மாறி ஆடுகையில், சற்றுமுன் தாம் கட்டிய அரணை உடைக்கும் வழியைத் தாமே தேட நேர்கிறது. ஆற்றல் வேறுபாடும் பக்கமாற்றமும் படைப்பாற்றலுக்கும் மறுசிந்தனைக்கும் இடமளிக்கின்றன.

சானமாவு

ஓசூரை அடுத்த சானமாவு காப்புக்காட்டுக்குக் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பகுதியிலிருந்து யானைக்கூட்டங்கள் வருகின்றன. கேழ்வரகு விளையும் பருவத்தில் வயல்களில் இறங்குகின்றன. ஊரார் பயிரையும் சில வேளை உயிரையும் இழக்கின்றனர், யானைகள் விரட்டப்படுகின்றன. இச்சிக்கலை மாணவர்க்கான விளையாட்டாக்க முனைவோர்க்குப் பரமபத வடிவம் எளிது: யானையை விரட்டினால் ஏணி, யானை வயலில் நுழைந்தால் பாம்பு. அங்கு விடை முன்னரே வரையப்பட்டுவிடுகிறது. ஒருமுறை உழவராகவும் மறுமுறை யானையாகவும் ஆடும் மாணவரோ, வழித்தடம் அடைபட்டால் யானை எங்குச் செல்லும் என்பதை ஆடியே உணர்வார்.

எனினும் ஆடுபுலியை அப்படியே பின்பற்றவும் இயலாது. புலியை அசையவிடாமல் அடைப்பதே அதில் ஆடுகளின் வெற்றி. அவ்விதி தொடர்ந்தால் யானையை முடக்குவதே வெற்றி எனக் கற்பிக்கப்படும். பயிரும் பிழைத்து யானையும் கடந்து செல்வதே வெற்றி என விதி மாற வேண்டும்.

முடிவுரை

ஆடுபவருக்கு எத்தேர்வுகளை விட்டுவைக்கிறது, எதனை வெற்றி என வரையறுக்கிறது என்னும் இரண்டையும் கொண்டே ஒரு விளையாட்டை மதிப்பிடல் வேண்டும். நாட்டார் விளையாட்டு ஆய்வுகள் ஆடும் முறையோடு இவ்விரண்டையும் பதிவு செய்யுமாயின், அவை புதிய வடிவமைப்புகளுக்கும் வழிகாட்டும்.