யாருடைய வீட்டில் தங்குகிறோம்?

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் நண்பருக்குப் பூர்வீக வீடு இருக்கிறது. நிலைவாசலுக்கு மேலே சுதையில் '1893' என்று போட்டிருக்கும். வாசலில் இரண்டு திண்ணை. உள்ளே ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, கொல்லை. கட்டினவர் நண்பரின் தாத்தாவுக்கு அப்பா, ஊரில் மணியம் பார்த்தவர். இப்போது அங்கே வௌவால்களும் ஒரு காவல்காரரும் குடியிருக்கிறார்கள்.

நண்பர் போன் பண்ணினார். "வீட்டை இடிச்சு பிளாட் போடச் சொல்றாங்க. எனக்கு மனசு வரலை. ஹெரிடேஜ் ஸ்டே பண்ணலாம்னு இருக்கேன். நீங்கதான் நாலு இடத்துல தங்கியிருக்கீங்களே, வந்து பார்த்துச் சொல்லுங்க."

போனேன். ஓர் உள் அலங்கார நிபுணர் வழவழ தாளில் போட்டுக் கொடுத்த திட்டத்தைக் காட்டினார். தலைப்பு: 'விக்டோரியன் லுக்'. நாலு கம்பத்துக் கட்டில், சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டி, ஊதுகுழல் வைத்த கிராமபோன், கூடத்தில் விக்டோரியா மகாராணி படம். கொல்லைக் கதவை அடைத்துவிட்டு அந்த இடத்தில் அட்டாச்டு பாத்ரூம். காலையில் டோஸ்ட், ஆம்லெட். இந்தக் கட்டுரையை அந்தத் திட்டத்துக்கு நான் எழுதும் மதிப்புரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அடுத்த லீவுக்கு இப்படி ஒரு வீட்டில் ரூம் போடப் போகிறவராக இருக்கலாம். அதனால் உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்றால் என்ன? இங்கிலாந்தில் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், வயதான தம்பதியோ தனியாக இருக்கும் அம்மாவோ மிச்சமிருக்கும் ரூமை வாடகைக்கு விடுவார்கள். ராத்திரிப் படுக்கை, காலையில் முட்டை, பன்றிக்கறி, டோஸ்ட். முக்கியமான விஷயம் சாப்பாடு அல்ல. அந்த அம்மாவே தட்டை வைத்துவிட்டு, 'தூக்கம் வந்ததா?' என்று கேட்பார். மழை எப்போது வரும், எந்தக் கடையில் ஏமாற்றுவார்கள் என்பதெல்லாம் டீயோடு சேர்த்துக் கிடைக்கும். நம் மத்திய அரசின் 'இன்கிரெடிபிள் இந்தியா' பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டமும் இதையேதான் அடிப்படையாக வைத்தது. அதிகபட்சம் 6 அறை, வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். வீட்டுக்காரர் இல்லை என்றால் அதற்குப் பெயர் லாட்ஜ். பழைய லாட்ஜ், அவ்வளவுதான்.

நாம் அந்த ஊர் வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது குளியல் தொட்டியை. விட்டுவிட்டது வீட்டுக்காரரை.

சில வருஷம் முன்னால் ஊட்டியில் ஒரு பழைய பங்களாவில் இரண்டு நாள் தங்கினேன். பெயர் வேண்டாம். ஊட்டி என்பதே இந்த மாதிரி பங்களாக்களால் உண்டான ஊர். 1822-ல் கோவை கலெக்டர் ஜான் ஸல்லிவன் கல் பங்களா கட்ட ஆரம்பித்தார். பின்னால் மதராஸ் சர்க்காரே வெயில் காலத்தில் மூட்டை முடிச்சோடு மலையேறியது. நான் தங்கின பங்களாவில் கணப்பு இருந்தது, பெரிய ஜன்னல் இருந்தது, குளிரும் நிஜமாகவே இருந்தது. சுவரில் கண்ணாடி போட்டு வீட்டின் வரலாறு மாட்டியிருந்தார்கள். கட்டின துரை பெயர், அவர் ரெஜிமெண்ட், அவர் சுட்ட புலி, அவர் வளர்த்த இரண்டு நாய்களின் பெயர்கூட இருந்தது.

ராத்திரி விறகு போட வந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "எங்க தாத்தா இங்கதான் சார் குக்கு. எங்கப்பா பட்லர். நான் மூணாவது தலைமுறை" என்றார். மைசூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா நடந்தே மலையேறி வந்தது, துரைசானிக்குப் புட்டிங் சரியாக வராமல் போன அன்று நடந்தது எல்லாம் சொன்னார். மணி பதினொன்று ஆகிவிட்டது. அந்த இரண்டு நாளில் கொடுத்த காசுக்கு எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். அது பில்லில் இல்லை. சுவரிலும் இல்லை. நாய்க்குப் பெயர் இருந்தது, சமைத்தவருக்கு இல்லை.

இதைச் சொன்னால் 'எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிற ஆள்' என்பீர்கள். நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டுக்குப் போய்ப் பாருங்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளும் ஆத்தங்குடிக் கல்லும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சுமாகக் கட்டின வீடுகள் எத்தனையோ இடிபட்டன. கதவு, தூண், மரப்பாச்சி, ரவிவர்மா படம் என்று துண்டு துண்டாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. சில வீடுகளை ஹோட்டலாக மாற்றினதால்தான் அவை முழு வீடாக இன்னும் நிற்கின்றன. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறினதற்கும் அப்படி நின்ற வீடுகள் ஒரு காரணம். அங்கே இலையில் பரிமாறுவது அந்த ஊர்ச் சமையல். எந்த வீடும் தன்னை லண்டன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பாதி ஜெயித்தது அங்கேதான்.

ஆகவே நண்பர் வீட்டைத் தங்கும் இடமாக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தத் தலைப்பில்தான் ஆட்சேபம்.

'விக்டோரியன்' என்றால் என்ன? அந்த அம்மாள் 1837 முதல் 1901 வரை ராணி. நம் ஜில்லாவில் அந்தக் காலத்துக்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். 1877 ஜனவரி 1-ம் தேதி டில்லியில் தர்பார் வைத்து அவரை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். அதே சமயம் மதராஸ் ராஜதானியில் தாது வருஷப் பஞ்சம். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டினதுதான். அரைவயிற்றுக் கூலிக்கு மண் சுமந்தவர்கள் வெட்டினது. இந்தப் பக்கத்துக் கிழவிகள் 'தாது வருசம்' என்று சொன்ன தொனியைக் கேட்டவர்கள், விக்டோரியா படத்தைக் கூடத்தில் மாட்டுவதற்கு முன் ஒரு தடவை யோசிப்பார்கள்.

இன்னொன்று. 1891-ல் அன்றைய செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் ட்ரெமென்ஹீர் ஒரு குறிப்பு எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினார். வயலில் வேலை செய்கிற பறையர் மக்களின் நிலைமை பற்றியது அது. உழுகிற நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை. குடிசை நிற்கிற மனைகூடச் சொந்தமில்லை. பண்ணையாரிடம் எதிர்த்துப் பேசினால் நிற்க இடம் கிடையாது. இதைத் தொடர்ந்து வந்ததுதான் 1892-ம் வருஷ அரசாணை. பஞ்சமி நிலம் என்று இன்றும் கேள்விப்படுகிறீர்களே, அதன் ஆரம்பம் இதுதான்.

1891 குறிப்பு, 1892 ஆணை, 1893 நண்பரின் வீடு. ஒரே ஜில்லா. அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அரைத்தது யார், செங்கல் சுமந்தது யார் என்று தனியாக ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்லை.

வீட்டைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டும், 919-லும் 921-லும் வெட்டினவை, அங்கேதான் இருக்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊரைச் சொன்னார். முப்பது குடும்பு, பெயர் எழுதின ஓலை, குடம், சின்னப் பையன் கையை விட்டு எடுப்பது எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது, அவன் சொந்தக்காரனும் நிற்கக்கூடாது என்பதைப் படித்துக் கைதட்டியும் இருப்பீர்கள். நானும் தட்டினவன்தான். ஆனால் தகுதிப் பட்டியலில் முதலில் வருவதைப் பாருங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டின வீடு வேண்டும். அதன் பிறகுதான் 35-க்கு மேல் 70-க்குள் என்ற வயதும் வேதப் படிப்பும். மனை இல்லாதவன் பெயர் குடத்துக்குள் விழவே விழாது. 921-லும் மனைதான் கேள்வி, 1891-லும் மனைதான் கேள்வி. ஆயிரம் வருஷத்தில் கலெக்டர் ஒருவர் வந்து அதை எழுத வேண்டியிருந்தது.

இதனால் கல்வெட்டின் பெருமை குறைந்துவிடாது. தேர்ந்தெடுக்கிற முறையை எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் வெட்டிவைத்த ஊர் வேறு எத்தனை இருக்கிறது? பாதியை மட்டும் படித்துக் காட்டினால்தான் பெருமை குறையும். வீட்டுக்கும் அதேதான். 1893-ஐ வாடகைக்கு விடுவதானால் முழுசாக விட வேண்டும்.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கும் அதைத் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். திண்ணையைக் கம்பி போட்டு மூடாதீர்கள், அது வழிப்போக்கனுக்குக் கட்டினது. டோஸ்ட் வேண்டாம். காஞ்சிபுரம் இட்லி இருக்கிறது, மந்தாரை இலை வைத்து அவித்து, சுக்கும் மிளகும் சீரகமும் மணக்க. கேட்கிறவருக்குக் கூழும் கொடுங்கள், மோர் மிளகாயோடு. மாதத்தில் பாதி நாளாவது நீங்களும் உங்கள் மனைவியும் அங்கே இருங்கள். முடியாது என்றால் கடையை ஆரம்பிக்காதீர்கள். சுவரில் வரலாறு மாட்டுவதானால், கட்டினவர் பெயருக்குக் கீழே இந்த வீட்டில் வேலை செய்தவர்கள் பெயரையும் தேடிப் போடுங்கள்.

"அவங்க பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்றார்.

பதில் எனக்கும் தெரியவில்லை. கூடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கொல்லைப் பக்கம் யாரோ நடமாடுகிற சத்தம். போய்ப் பார்த்தால், எண்பது வயசு இருக்கும், ஒரு பாட்டி. சின்ன வயசில் இந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளினவராம். வீடு திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருக்கிறார். வாசல் வழியாக வரவில்லை. சுற்றிக்கொண்டு கொல்லைக்குத்தான் வந்திருந்தார். அலங்கார நிபுணரின் ஆட்கள் சுவரில் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டையும் கதவு மேல் போட்டிருந்த பெருக்கல் குறியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சின்னய்யா, இந்தக் கதவ அடைக்கப் போறீங்களா? அப்புறம் நாங்க எப்படி வர்றது?"

நண்பர் அவரைக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்தார். வரவில்லை. ரொம்ப நேரம் சொல்லித் தாழ்வாரம் வரைக்கும் வந்து உட்கார்ந்தார். பெயர்கள் வர ஆரம்பித்தன. சாணி அள்ளினவர்கள், நாற்று நட்டவர்கள், சுண்ணாம்பு அரைத்ததாகத் தன் பாட்டி சொன்ன ஆட்கள். நண்பர் அந்த வழவழ திட்டத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். இருட்டும்போது பதினேழு பெயர் ஆகியிருந்தது.

அடுத்த முறை நீங்கள் ஒரு பழைய வீட்டில் தங்கினால், சாவி கொடுக்கிறவரிடம் ஒன்று கேளுங்கள்: 'இங்கே சமைச்சவங்க யாரு?' பதில் வந்தால் அந்த வீட்டுக்குக் காசு கொடுக்கலாம்.

கொல்லைக் கதவு அப்படியே இருக்கிறது. பாத்ரூமை எங்கே வைப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.