எதிர்காற்றுக்கு முகம் கொடுப்பவன்

தஞ்சைச் சீமையில் சைக்கிள் ஓட்டத்தை ஒரு வித்தையாக ரசிக்கும் வழக்கம் அறவே இருந்ததில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கிராமத்து மைதானத்தில் நட்ட கம்பத்தைச் சுற்றிச் சுற்றி, நாட்கணக்கில் தரையில் கால் ஊன்றாமல், குளியலும் சாப்பாடும் சைக்கிள் மேலேயே என்று வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டிய சாகசக்காரரை, ஒலிபெருக்கிப் பாட்டோடும் இரவு நேரத்து வேடிக்கைகளோடும், நம்மவர்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்து, கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வித்தையில் எதிராளி என்று ஒருவர் இல்லை. ஓட்டுகிறவரைத் தடுக்கும் காற்றும் இல்லை. இவை இரண்டும் சேர்ந்து, எதிராளியே காற்றுக்கு மறைப்பாகவும் அமைந்துவிடுகிற விசித்திரமான நிலையிலிருந்து பிறப்பதுதான் ஐரோப்பாவின் பல கட்டச் சாலைப் பந்தயம். அதன் சிகரம், நமக்கு ஆனி பிற்பகுதியும் ஆடித் தொடக்கமுமாக இருக்கும் ஜூலை மாதத்தில் நடக்கும் ‘டூர் டி பிரான்ஸ்’.

மூன்று வாரங்கள், 21 கட்டங்கள், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நாள்தோறும் முதலில் வருகிறவருக்குத் தனிக் கௌரவம் உண்டு என்றாலும், எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து எவருடைய மொத்தம் மிகக் குறைவோ, அவருக்கே மஞ்சள் சட்டை. 1990இல் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் ஒரு கட்டத்தில்கூட முதலாவதாக வராமலே பந்தயத்தை வென்றார். அதற்கு முந்தைய ஆண்டில் அவரே, அத்தனை தூரத்தையும் கடந்த பிறகு, வெறும் 8 விநாடி வித்தியாசத்தில் லொரான் ஃபிஞோனை வென்றிருந்தார். இப்படிப்பட்ட கணக்கில் வீரம் என்பது பெரும்பாலும் சேமிப்பாகவே இருக்கிறது. சமதரையில் வேகமாகப் போகிற சைக்கிள்காரர் செலவிடும் சக்தியில் மிகப் பெரும் பங்கு காற்றைப் பிளப்பதற்கே போய்விடுகிறது. ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். 121 பேர் கொண்ட கூட்டத்தை மாதிரியாக வைத்து 2018இல் பெர்ட் பிளாக்கன் குழுவினர் செய்த ஆராய்ச்சியிலோ, கூட்டத்தின் வயிற்றுப் பகுதியில் இருப்பவர் மீது விழும் காற்றுத் தடை, தனியே போகிறவர் அனுபவிப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடுகிறது என்று தெரியவந்தது. ஆகவே இந்தப் பந்தயத்தின் தந்திரங்கள் அனைத்தையும், அதன் நூற்றிருபது ஆண்டு பாணி மாற்றங்களையும், எதிர்காற்றுக்கு முகம் கொடுப்பது யார், எப்பொழுது, யாருக்காக என்ற ஒரே கேள்விக்குக் காலந்தோறும் சொல்லப்பட்ட வெவ்வேறு விடைகளாகவே நான் பார்க்கிறேன்.

ரசிகர்கள் பெரும்பாலும் மலைக் கட்டங்களையே புகழ்வார்கள். அல்ப் துயெஸ் மலைப்பாதையின் 21 வளைவுகளைப் பற்றி எழுதப்பட்டவற்றுக்கு அளவே இல்லை. நம் மாநிலத்துக் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 2008 முதல் நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ என்ற சைக்கிள் யாத்திரையில் அதன் மீது மூச்சிரைக்க ஏறியவர்களுக்கு மலையின் பெருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான் என்று வளர்ந்த டெல்டாக்காரனாகிய எனக்கு, பக்கக்காற்று வீசும் சமவெளிக் கட்டமே இந்தக் கலையின் உச்சமாகத் தோன்றுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து கரூர், திருச்சி கடந்து வரும் மேல்காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்பது, தஞ்சாவூரிலிருந்து வடக்கே திருவையாற்றுக்கு ஐந்து ஆறுகளைத் தாண்டி சைக்கிள் மிதித்துப் போனவர்களுக்குத் தெரியும். எதிரிலும் வராமல், பின்னாலிருந்து தள்ளவும் செய்யாமல், இடக்கைப் பக்கமாகவே வந்து, சைக்கிளை மெல்ல மெல்லச் சாலையின் வலது ஓரத்துக்கு ஒதுக்கும் காற்று அது. அப்படிப்பட்ட காற்றில் முன்னால் போகிறவரின் நேர் பின்னால் மறைப்புக் கிடையாது. அவருக்குப் பின்னே சற்றுப் பக்கவாட்டில்தான் உண்டு. ஆகையால் ஓட்டக்காரர்கள் சாலையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சாய்வு வரிசையாக விரிந்து, மாறி மாறி முன்னுக்கு வந்து பின்னுக்குச் சுழன்றுகொண்டே போகிறார்கள். சாலையின் அகலம் எத்தனை பேருக்கு இடம் தருகிறதோ அத்தனை பேருக்குத்தான் அந்த வரிசையில் இடம். எஞ்சியவர்கள் மறைப்பே இல்லாத ஓரத்தில் ஒற்றை நூலாக நீண்டு, அந்த நூல் எங்கேயோ ஓரிடத்தில் அறுந்துபோகும்.

2013 ஜூலை 12 அன்று, தூர் நகரிலிருந்து செயிண்ட்-அமான்-மோன்ட்ரோன் வரையிலான கட்டத்தில், மலை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. சும்மா கடந்துபோகும் நாள் என்றே யாவரும் எண்ணியிருந்தார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் மிச்சமிருக்கும்போதே ஒமேகா ஃபார்மா குழுவினர் பக்கக்காற்றைக் கண்டு வேகத்தைக் கூட்டிக் கூட்டத்தை உடைத்தார்கள். மொத்தக் கணக்கில் இரண்டாம் இடத்திலிருந்த அலெஹாந்த்ரோ வால்வெர்தேக்குச் சக்கரம் பழுதாகிவிட, முன்னே போனவர்கள் காத்திருக்கவில்லை. அன்று அவர் ஏறக்குறைய பத்து நிமிஷம் இழந்தார். இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்கையில், மஞ்சள் சட்டைக்குப் போட்டியிட்ட கொந்தாதோரின் குழு தன் ஆட்கள் எல்லோரையும் ஒரே சமயத்தில் முன்னுக்குக் கொணர்ந்து மறுபடி ஓர் உடைப்பு உடைத்தது. பதினான்கு பேர் மட்டும் அதில் தப்பினார்கள். மஞ்சள் சட்டைக்காரரான கிரிஸ் ஃப்ரூம் கண்ணெதிரே பிரிந்த அந்த இடைவெளியை மூட முடியாமல் 1 நிமிஷம் 9 விநாடி பின்தங்கினார். ஒமேகா ஃபார்மாவின் கேவண்டிஷ் கடைசித் தருணத்தில் அந்தப் பதினால்வரில் தாவி ஒட்டிக்கொண்டு, முடிவில் கட்டத்தையும் வென்றார். மலையில் பலசாலியை வெல்ல அதிக பலம் வேண்டும். இங்கே காற்றின் திசையையும் சாலையின் திருப்பத்தையும் முன்கூட்டியே அறிந்த புத்தி போதுமானதாக இருந்தது. அதனால்தான் எனக்கு இந்தப் பட்சபாதம்.

பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகாசிரியர் ஆன்ரி டெக்ரான்ஜுக்கு இத்தகைய கூட்டு யுக்திகள் எதுவும் பிடிக்காது. 1903இல் அவர் வகுத்த பந்தயத்தில் ஒவ்வொருவனும் தன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டும். 1913இல் யூஜின் கிறிஸ்தோஃபின் சைக்கிள் முன்கவை பிரனேஸ் மலையில் முறிந்தபோது, அவர் அதைத் தோளில் சுமந்து பல மைல் இறங்கி, ஒரு கொல்லன் உலையில் தன் கையாலேயே காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். துருத்தி ஊதிய சிறுவனின் உதவியைக் குற்றமாகக் கொண்டு அதற்கும் தண்டனை விதித்தார்கள். கியர் மாற்றும் கருவிக்கே 1937இல்தான் அனுமதி கிடைத்தது. இந்தப் பிடிவாதத்தில் ஒரு கம்பீரம் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் கலை என்ற முறையில் பந்தயம் செழித்தது, குழு என்ற ஸ்தாபனம் அதில் வேரூன்றிய பிறகுதான்.

நாயன மேளத்தில் ஒத்து ஊதுகிறவரை யார் பார்க்கிறார்கள்? அவர் விடாமல் பிடித்த சுருதியின் மீதுதான் பெரிய வித்துவான் தோடியை மணிக்கணக்கில் விஸ்தாரம் செய்கிறார். குழுத் தலைவனுக்காகக் காற்றை வாங்கி, தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து, வேண்டுமானால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுக்கும் துணை வீரரும் அத்தகையவரே. 1952இல் ஃபௌஸ்தோ கோப்பியின் துணைவரான ஆந்த்ரேயா கர்ரேயா, முன்னே ஓடிய ஒரு கூட்டத்தில் கடமைக்காகப் போய்ச் சேர்ந்து, தற்செயலாக லோசான் நகரில் மஞ்சள் சட்டைக்கு உரியவராகிவிட்டார். தலைவருக்குரியதைத் தாம் அணிவதா என்று அஞ்சி அழுதேவிட்டார். மறுநாள் அல்ப் துயெஸில் கோப்பி அதைத் தமதாக்கிக்கொண்டார். அந்தக் கோப்பியே 1949இல் இத்தாலியப் பந்தயத்தில், கூனேயோவிலிருந்து பினரோலோ வரையிலான கட்டத்தில், 192 கிலோமீட்டர் தன்னந்தனியே ஓடிப் பன்னிரண்டு நிமிஷத்துக்குச் சற்றே குறைவான இடைவெளியில் வென்றவர். ஒத்து இல்லாமலும் வாசிக்கத் தெரிந்தவர்.

அதன் பின் வந்த பாணிகளை விரைவாகவே சொல்லிவிடலாம். ஆங்க்தீலும் பிற்காலத்து இந்துரைனும், ஒவ்வொருவரும் தனித்தனியே நேரத்தோடு போட்டியிடும் தனிநேர ஓட்டத்தில் சம்பாதித்ததை மலையில் செலவழியாமல் காத்தார்கள். பார்க்கச் சலிப்பு, கணக்கில் பிசகு இல்லை. மெர்க்ஸ் 1969இல், மஞ்சள் சட்டை தம் மேல் பத்திரமாக இருந்தும், மூரான்ஸுக்குப் போகும் வழியில் சுமார் 140 கிலோமீட்டர் தனியே போய் எட்டு நிமிஷம் கூட்டிக்கொண்டார். 1999 முதல் 2005 வரையிலான வெற்றிகளை, ஊக்கமருந்துக் குற்றத்துக்காக, 2012இல் ஏட்டிலிருந்தே அடித்துவிட்டார்கள். அவற்றில் ரசிக்க எதுவுமில்லை. 2012க்கும் 2019க்கும் இடையே ஏழு முறை வென்ற ஸ்கை குழு, பின்னாளில் இனியோஸ் என்று பெயர் மாறிய குழு, பவர் மீட்டர் காட்டும் வாட் கணக்குப்படி, துணைவர்கள் ஒருவர் பின் ஒருவராக எரிந்து தீரும்வரை மலையில் ஒரே வேகத்தில் இழுத்துச் சென்று, எவரும் தாக்கவே துணியாதபடி செய்தது. சாமர்த்தியம்தான், ஆனால் பந்தயத்துக்கு அதனால் மூச்சு முட்டியது.

அந்த இறுக்கம் தளர்ந்ததில் 2022 ஜூலை 13ஆம் தேதிக்கு ஒரு பங்குண்டு. மஞ்சள் சட்டையோடு இருந்த ஸ்லோவேனிய இளைஞர் தடெய் பொகாச்சர், தனியாக எதிர்கொண்டால் யாராலும் அசைக்க முடியாதவர். கலிபியே கணவாயை நோக்கி ஏறும்போதே, எதிரணி ஒன்றின் இரு வீரர்களான ரோக்லிச்சும் யோனாஸ் விங்ககோரும் மாறி மாறி அவரைத் தாக்கினார்கள். ஒருவர் தாக்கும்போது மற்றவர் பின்னால் ஓய்வெடுப்பார். பொகாச்சர் இளமையின் கர்வத்தோடு ஒவ்வொன்றுக்கும் தாமே பதில் சொன்னார். முன்னதாகவே ஓடிப்போயிருந்த, அதே அணியின் வவுட் வான் ஆர்ட் பள்ளத்தாக்கில் காத்திருந்து விங்ககோருக்குக் காற்று மறைத்தார். கடைசியாகக் கிரனோன் மலையில், உச்சிக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கையில் விங்ககோர் பிரிந்தபோது, பொகாச்சருக்குக் கால் நின்றுவிட்டது. 2 நிமிஷம் 51 விநாடி நஷ்டம். அந்தப் பதில்கள் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு என்பது அங்கே தெரிந்தது. ரோக்லிச் அன்று அதைவிட வெகுவாகப் பின்தங்கினார் என்பதையும் அந்த அழகோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

இன்றைய பாணிக்கு ஆகாரமும் ஒரு காரணம். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்துக்கு மேல் வயிறு ஏற்காது என்றிருந்த நிலை மாறி, 120 கிராம் வரை உண்டு பழகிவிட்டார்கள். அதனால் நெடுந்தொலைவிலிருந்தே தாக்கும் துணிவு வந்திருக்கிறது. காலையில் சோறும், சட்டைப்பையில் காகிதம் சுற்றிய அரிசிப் பண்டமுமாக அவர்கள் மலை ஏறுவதை நெல் விளைவிக்கும் நாட்டார் ஒரு சிறு பெருமையோடு பார்க்கலாம். ஆனால் 2024இல் இத்தாலியப் பந்தயத்தையும் பிரெஞ்சுப் பந்தயத்தையும் ஒரே ஆண்டில் வென்றும், 2025இல் நான்காம் முறையாக மஞ்சள் சட்டையை வென்றும், பொகாச்சர் தனிப்பலத்தாலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில் எனக்குச் சிறிது குறை உண்டு. மற்றவர்களுடைய யுக்திகள் இரண்டாம் இடத்துக்கான பேரங்களாகச் சுருங்கிவிடுகின்றன.

2025 பந்தயத்தின் கடைசி நாளில், பாரிஸின் மோன்மார்த்ர் மேட்டை மூன்று முறை ஏறும்படி பாதையை மாற்றியிருந்தார்கள். மழை. வெற்றி ஏற்கெனவே உறுதிப்பட்டுவிட்ட பொகாச்சர், யாருக்கும் தேவையில்லாத தாக்குதலை அங்கேயும் தொடுத்தார். கடைசி ஏற்றத்தில் அவரைக் கழற்றிவிட்டுத் தனியே இறங்கிச் சென்று அன்றைய கட்டத்தை வென்றவர், கிரனோன் பள்ளத்தாக்கில் பிறருக்காகக் காற்றை வாங்கிய அதே வான் ஆர்ட்.