எதிர்ப்பொருள் எல்லாம் காவலாகுமா?

குருதியில் எதிர்ப்பொருள் இருந்தால் அஞ்ச வேண்டாம் என்பது தட்டம்மை போன்ற நோய்களில் பெரும்பாலும் சரிவரும் கணக்கு. டெங்குவில் அது பொய்க்கும். டெங்வாக்ஸியா என்னும் தடுப்பூசியை ஆராய்ந்த முறையில் நான் காணும் குறை இதைப் பற்றியதே.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து நீங்கினால் அவ்வகைக்கு நெடுங்காலப் பாதுகாப்பு உண்டு. மற்ற மூன்றுக்கும் சில மாதங்களே. பின்னர் வேறொரு வகை நுழையும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் அதைப் பற்றிக்கொள்ளும், முடக்கா. அவ்வாறு பற்றப்பட்ட வைரஸை வெள்ளணுக்கள் எளிதில் உள்வாங்குகின்றன. அங்கேயே அது பெருகுகிறது. காவற்காரனே கதவைத் திறந்துவிட்ட கதைதான்! பாங்காக்கில் 1960-களில் நோயுற்ற குழந்தைகளை ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் இதை நெடுங்காலம் வலியுறுத்தி வந்தார்.

ஆகவே, ஆய்வாளர்கள் அறியாத செய்தி அன்று. இருந்தும் 10 நாடுகளில் ஏறத்தாழ 31,000 சிறுவர்களைக் கொண்டு நடந்த பெருஞ்சோதனையில், ஊசிக்கு முன் குருதி எடுக்கப்பட்டது சுமார் 4,000 பேரிடம் மட்டுமே. செலவும் சிரமமும் மிகுதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் ஆண்டில், ஆசியாவில் ஊசி பெற்ற 2 முதல் 5 வயதுக் குழந்தைகள், பெறாதவரைவிட அதிகமாக மருத்துவமனையில் சேர்ந்தபோது, காரணம் கேட்கக் குருதி இல்லை. வயதைக் காரணமாக்கி, 9 வயதுக்கு மேல் போடலாம் என்றனர். வயது ஏற ஏற முன்தொற்று பெற்றோர் மிகுவர் என்பது சராசரிக்குச் சரி; ஊசிக்குக் கை நீட்டும் ஒரு சிறுமிக்கு?

பிலிப்பைன்ஸில் 2016 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்குக் குருதிச் சோதனை இன்றியே ஊசி போடப்பட்டது. முன்பு டெங்கு காணாதவருக்கு ஊசிக்குப் பின் வரும் டெங்கு கடுமையாகலாம் எனத் தயாரித்த சனோஃபி நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது.

அதைக் கண்டறிந்த உபாயம் அழகானது. இத்தடுப்பூசி, மஞ்சள் காய்ச்சல் வைரஸுக்கு டெங்குவின் மேலுறையைப் போர்த்திச் செய்தது, அதிலுள்ள என்.எஸ்.1 புரதம் மஞ்சள் காய்ச்சலுடையது. எனவே, 13-ஆம் மாதம் எடுத்துவைத்த குருதியில் டெங்குவின் என்.எஸ்.1-க்கு எதிர்ப்பொருள் இருந்தால், பெரும்பாலும் அது ஊசியால் வந்ததன்று. உண்மைத் தொற்றால் வந்தது. உபாயத்தைப் பாராட்டுகிறேன், தாமதத்தை அன்று.

ஊசிக்கு முன் சோதிப்பதே நல்லதென உலக சுகாதார நிறுவனம் 2018-இல் கூறியது. ஆனால் அச்சோதனை 'உண்டு', 'இல்லை' என்று மட்டுமே சொல்லும். நிகராகுவா நாட்டுச் சிறுவரிடம் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்விலோ, எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தவர் காக்கப்பட்டனர். குறைந்த ஓர் அளவில் இருந்தவருக்கே கடும் டெங்கு அதிகம் வந்தது.